பிஷப்புகளின் கடிதங்களுக்குக் கோடு போட்ட வேலை

என் கையெழுத்து கண்ணுக்கு உறுத்தும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் கையெழுத்துப் போட மட்டும்தான். சின்ன ர, பெரிய ற இரண்டில் எது எங்கே வரும் என்று இப்போதும் தடுமாறுகிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள், சொன்ன விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்று இதை அச்சில் ஏற்றுகிறவர்களிடம் கேட்டேன். சரி என்றார்கள். சரி என்று சட்டென்று சொல்கிறவர்களை இப்போதெல்லாம் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகரத்தை வைத்து, மிதியை மிதித்து, எடுத்துப் போடுகிற வேலை. அந்தக் கம்பெனியை மூடிவிட்டு முதலாளிகள் ஒரகடம் பக்கம் போனபோது வயது குறைந்தவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே, சென்னீர்குப்பத்தில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். என் மனைவி அதே கட்டடத்தில் மாடிப்படி பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்கு அந்த வேலையும் கிடைத்தது.

அந்த வாசலில் முதலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அசோசியேஷனில் கூடிப் பேசி அதை எடுத்துவிட்டார்கள். செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தால் தூங்குகிற மாதிரி தெரிகிறதாம். கார் வரும்போது எழுந்திருக்க நேரமாகிறதாம். யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. எல்லாரும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்கள். பிரஸ்ஸில் மிதித்து மிதித்து என் வலது முழங்கால் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. சாயங்காலம் ஆனால் அது வீங்கிவிடும். வீட்டுக்குப் போய்ச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தால், எழுந்திருக்க மனைவி கை கொடுக்க வேண்டும்.

அந்தக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தவர் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தார். குமணன்சாவடியில், தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்கும் கடைக்கு மேலே ஒரே ஒரு ஹால். ஒரு நாள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி என்னிடம் கேட்டார்.

"அண்ணா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நல்லதாப் போச்சு. கண்ணு நல்லாத் தெரியுமா? பொறுமை இருக்கா? உக்காந்து செய்யற வேலை."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதோடு என் காது நின்றுவிட்டது.

வேலை என்னவென்றால், வெளிநாட்டில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் போட்டோ எடுத்து அனுப்பும். அது காகிதம் இல்லை, கன்றுக்குட்டித் தோல், ஆட்டுத் தோல். ஆயிரம் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் மடத்துச் சாமியார்கள் உட்கார்ந்து எழுதியது. அந்தத் தோலில் இருந்ததெல்லாம் கடிதங்கள். பிஷப் இன்னொரு பிஷப்புக்கு எழுதியது, போப் ராஜாவுக்கு எழுதியது, ஒரு மடத்துத் தலைவர் இன்னொரு மடத்திடம் புத்தகம் இரவல் கேட்டது. கடிதத்தை எழுதிய ஆள் இந்தச் சாமியார்களுக்கும் சில நூறு வருஷம் முந்தியவராக இருப்பார். அவர் அனுப்பிய நிஜக் கடிதம் எப்போதோ மக்கிப்போயிருக்கும். பிறகு வந்தவர்கள் பார்த்துப் பார்த்துத் திரும்ப எழுதி வைத்ததுதான் மிஞ்சியது.

நாங்கள் எதையும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிக்கும் அடியில், எழுத்தின் காலைத் தொட்டுக்கொண்டு, மவுஸால் ஒரு நீலக் கோடு இழுக்க வேண்டும். வரி வளைந்தால் கோடும் வளைய வேண்டும். தோலில் ஓட்டை இருந்தால், எழுதினவன் அதைத் தாண்டி எழுதியிருப்பான். நாமும் தாண்ட வேண்டும். பின்பக்கத்து மை இந்தப் பக்கம் தெரிந்தால் அதை விட்டுவிட வேண்டும். ஒரு பக்கத்தில் பாதியில் ஆள் மாறி, வேறொருவன் கையெழுத்து ஆரம்பித்தால், அங்கிருந்து கோடு பச்சை. இவ்வளவுதான் சட்டம். நாங்கள் போடும் கோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே படிக்கக் கற்றுக்கொள்ளுமாம்.

ஒரே பக்கத்தை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். இரண்டு பேரும் தனித்தனியாகக் கோடு போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அது சரி என்று மெஷின் எடுத்துக்கொள்ளும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒத்துப்போகாதவை மட்டும் மாதக் கடைசியில் மொத்தமாகச் செக்கரிடம் போகும். செக்கர் ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கம். கல்லூரி முடித்துவிட்டு வந்து பூந்தமல்லியில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை. என்னை "அண்ணே" என்பாள். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் ஆபீஸ் என்பதால் நான் மேடம் என்பேன்.

எனக்கு ஜோடி என் பழைய பிரஸ் கம்பெனி நண்பன். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். வேப்பம்பட்டில் இருந்து ரயிலில் ஆவடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவான். ஆட்காட்டி விரலின் நுனியைப் பிரஸ்ஸுக்குக் கொடுத்தவன், அதனால் நடுவிரலால் கிளிக் செய்வான். நான் பேசாதவன், அவன் பேச்சை நிறுத்தாதவன்.

முதல் நாளே சத்தமாகச் சொன்னான்: "இன்னா மாமே, அன்னிக்குத் தகரத்த அடிச்சோம், இன்னிக்குத் தோல அடிக்கறோம். பாதிரியாருங்க ஊட்ல கோடு போட ஒரு ஆளு கூடவா இல்ல?"

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நாற்காலி, சக்கரம் வைத்தது, முதுகுக்கு வலை. முழங்கால் வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. மதியச் சாப்பாட்டை மேசையில் வைத்துச் சாப்பிட்டேன். வாசலில் இருந்த வரைக்கும் டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கண் கேட்டைப் பார்க்க, நின்றுகொண்டேதான் சாப்பிட்டிருக்கிறேன்.

வேலையும் எனக்குப் பிடித்துவிட்டது. தோலின் ஓரத்தில் ஊசியால் குத்திய புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மை இல்லாமல், மழுங்கிய முனையால் அழுத்தி இழுத்த கோடுகளும் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். அவர்களும் எங்களைப் போலக் கோடு போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கண்டபோது எனக்கு ஏதோ ஒரு நெருக்கம் வந்தது. அந்த மாதிரி நெருக்கமெல்லாம் எங்களுக்கு ஆகாது என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் முதலாளி அந்த வெளிநாட்டுக்காரர்களோடு வீடியோவில் பேசும்போது கேமராவைத் திருப்பி எங்களைக் காட்டுவார். இங்கிலீஷில் ஏதோ சொல்வார், அந்தப் பக்கம் தலையாட்டுவார்கள். ஒரு முறை பேசி முடித்ததும் எங்களுக்கும் தமிழில் சொன்னார்.

"என்ன சொன்னேன் தெரியுமா? எங்க ஆளுங்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, லத்தீனும் தெரியாது, அதனாலதான் தப்பே வராதுன்னு சொன்னேன். படிச்சவன்னா அர்த்தம் பாத்துக் கெடுத்துடுவான். உங்க பலமே அதுதான். நீங்க கண்ணால மட்டும் பாக்குறீங்க."

பாராட்டுத்தான். என் நண்பன் கைகூடத் தட்டினான். எனக்குத் தட்டத் தோன்றவில்லை. ஆனால் நாற்காலி நன்றாக இருந்தது. நானும் தலையாட்டினேன்.

கொஞ்ச மாதம் போனது. அடுத்த கட்டு வேலை குறைவாகத்தான் வருகிறது, எல்லாருக்கும் இடம் இருக்காது என்று முதலாளி ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொன்னார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் இருக்கலாம், ஒருவர் போக வேண்டும். மாதக் கடைசியில் ஒத்துப்போகாத பக்கங்களையெல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். யார் பக்கம் தப்பு அதிகமோ அவருக்கு வேலை இல்லை. அவர் சொல்லி முடித்ததும் ஹாலில் எல்லாரும் பக்கத்தில் இருந்த ஆளைப் பார்க்காமல் எதிரே பார்த்தோம்.

என் நண்பன் மட்டும் சிரித்தான். "போனா போவுது மாமே. நீ போனா நான் டீ வாங்கித் தரேன். நான் போனா நீ வாங்கிக் குடு."

அவனுக்குப் பெரிய மகன் சம்பாதிக்கிறான், வேப்பம்பட்டில் சொந்தமாக இரண்டு அறை இருக்கிறது. எனக்கு இந்த வேலை போனால் திரும்ப அந்த வாசல்தான். அவனுக்கும் அது தெரியும். என் முழங்காலை அவன் பார்த்திருக்கிறான்.

அந்த வாரத்தில்தான் செக்கர் பெண் அதைச் சொன்னாள். மதியம், கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி இல்லை என்று எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் காற்றுக்குப் போயிருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த எடத்தப் பாத்தீயளா? ஒரு சங்கதி சொல்லுதேன்."

கடிதம் முடிகிற இடம் அது. முதலில் வளைந்த ஒரு குறி. பிறகு நடுவில் குச்சி நிமிர்ந்த ஒரு சின்னச் சொல். பிறகு வேலிக்கால் வரிசை போல ஒரு சொல்.

"இதுக்கு அர்த்தம் 'வேற கையால'ன்னு. எனக்கு ஒண்ணும் லத்தீன் தெரியாது, அவங்க அனுப்பின குறிப்புல போட்டிருக்கு. அந்தக் காலத்துல பிஷப்பு வாயால சொல்லுவாராம், கணக்கப்புள்ள மாதிரி ஒருத்தன் எழுதுவானாம். எல்லாம் முடிஞ்ச பொறவு பிஷப்பே பேனாவ வாங்கி, கடவுள் ஒங்கள சொகமா வச்சிருக்கட்டும்னு ரெண்டு வார்த்த எழுதுவாராம். நாம கையெழுத்துப் போடுத மாதிரி."

"அப்போ இது அந்த பிஷப்பே எழுதினதா மேடம்?"

"எங்கண்ணே! இது காப்பிக்குக் காப்பி. பாத்து எழுதினவன் 'வேற கையால'ங்கிறதையும் விடாம எழுதிட்டான், அவன் கையாலயே."

அவள் சிரித்தாள். கரண்ட் வந்தது, அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரஸ் கம்பெனியில் லீவ் லெட்டர் எல்லாம் எங்கள் சூப்பர்வைசர்தான் எழுதுவார். என் அம்மா செத்தபோதுகூட அவர் எழுதினார், நான் கீழே பெயர் போட்டேன். கம்பெனியை மூடாதே என்று லேபர் ஆபீசுக்குக் கொடுத்த மனுவை யூனியன்காரர் எழுதினார், நான் பெயர் போட்டேன். என் பெயரில் போன அத்தனை காகிதத்திலும் என் கை பட்ட இடம் அந்தக் கோணல் கையெழுத்து ஒன்றுதான். யாராவது அதையெல்லாம் வாங்கி, என் பெயரையும் சேர்த்து, ஒரே அழகான கையெழுத்தில் திரும்ப எழுதி வைத்தால் நான் அதில் எங்கே இருப்பேன்?

அந்த பிஷப்புக்கும் அதுதான் நடந்திருக்கிறது. அவர் படித்தவர், பெரிய மனிதர், ராஜாவுக்கே கடிதம் எழுதுகிறவர். ஆனாலும் கடைசியில் யாரோ ஒரு சிநேகிதனுக்காகப் பேனாவைத் தானே வாங்கியிருக்கிறார். அந்த இடத்தில் என் நீலக் கோடு எதுவும் நடக்காதது போல ஓடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் சட்டமே கை மாறினால் பச்சை என்பதுதானே. தோலிலேயே எழுதியிருக்கிறது, கை மாறியது என்று. செக்கரே வந்து சொல்கிறாள். வேலைக்காகத்தான் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஹாலின் நடுவில் நடந்து போய் ஒரு பெண்ணின் மேசை முன் நின்று கேள்வி கேட்பது எனக்குச் சுலபமான காரியம் இல்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

அன்றிலிருந்து அந்த மூன்று சொல் வரும் இடத்தில் கோட்டை நிறுத்தி, அதற்கு அடுத்து வரும் ஒன்றிரண்டு வரிக்குப் பச்சை போட்டேன். எல்லாக் கடிதத்திலும் அது இருக்காது. இருக்கும் இடத்தை நான் தவற விட்டதில்லை.

நண்பனிடம் டீக்கடையில் சொன்னேன். இரண்டு பேர் கோடும் ஒத்துப்போக வேண்டுமே. சமோசாவைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"இன்னாது, பிஷப்பு சைன் போட்ட எடமா?"

"ஆமா மச்சான். வேற கைன்னு எழுதிகீது. அங்க பச்ச போடணும். நீயும் போடு. இல்லாட்டி உன்து ஒரு மாரி என்து ஒரு மாரி ஆயிடும்."

"சரி மாமே. பச்சதானே? போட்டுட்டா போச்சு. எத்தினி பேரு பச்ச கேட்டாலும் குடுக்கலாம், நம்ம அப்பன் ஊட்டுப் பச்சயா?"

அந்த வேலிக்கால் வரிசையைப் பேப்பர் கப்பின் மேல் விரலால் வரைந்துகூடக் காட்டினேன். பார்த்தான், தலையாட்டினான். கப்பைக் கசக்கிப் போட்டான்.

மாதக் கடைசியில் ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டார்கள். முதலாளி அறையில் அவரும் செக்கரும் இருந்தார்கள். நாங்கள் போய் நின்றோம். எதிரே பெரிய திரையில் ஒரு பக்கம், இரண்டு தடவை, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது. ஒன்றில் எல்லாக் கோடும் நீலம். இன்னொன்றில் கடைசி இரண்டு கோடு பச்சை. அடுத்த பக்கம். அதுவும் அப்படியே. அடுத்தது. அதற்கும் அடுத்தது. அவர் நகர்த்திக்கொண்டே போனார். ஒரு பக்கத்தில்கூட என் நண்பன் பச்சை போடவில்லை.

நான் அவனைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், புதிதாக எதையோ பார்க்கிறவன் மாதிரி.

"அண்ணா, மத்ததெல்லாம் உங்களது ரொம்ப நல்லா இருக்கு. இது மட்டும் ஏன் பச்சை?" முதலாளி மரியாதையாகத்தான் கேட்டார்.

திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அங்க வேற கைன்னு எழுதியிருக்கு சார்."

"எங்க எழுதியிருக்கு?"

திரையில் தொட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதிசயமாக ஏதோ செய்த குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி.

"லத்தீன் படிக்க ஆரம்பிச்சிட்டீங்களா? யாருண்ணா உங்களுக்குச் சொன்னது?"

செக்கர் பெண் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். நோட்டில் ஏதோ எழுதுவது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை, நான்தான் சார் பேச்சுவாக்கில் சொன்னேன் என்று அவள் சொல்லியிருந்தால் போதும். நானும் அவள் பெயரைச் சொல்லவில்லை. ஹாஸ்டலில் இருக்கிற பெண், அவளுக்கும் வேலை வேண்டும். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

முதலாளி அவளைக் கேட்டார். "நீங்க சொல்லுங்க. கை மாறியிருக்கா, இல்லையா?"

"இல்ல சார். ஒரே கைதான். எழுத்தப் பாத்தாலே தெரியும். நீலம்தான் சரி."

அவள் சொன்னது பொய் இல்லை. எழுதியவன் ஒரே ஆள்தான். அந்தப் பக்கத்தை எனக்கும் நன்றாகத் தெரியும். அங்கே எழுத்தின் சாய்வும் மாறவில்லை, பேனாவின் பருமனும் மாறவில்லை. கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் நானும் நீலம்தான் போட்டிருப்பேன். அதனால்தான் இன்றைக்கும் அந்தக் கசப்பை எங்கேயும் துப்ப முடியவில்லை. அநியாயம் என்று யார் சட்டையைப் பிடிப்பது?

"பாத்தீங்களா அண்ணா," என்றார் முதலாளி. "நான் சொன்னேன்ல? அர்த்தம் பாத்தா கெட்டுப்போயிடும். உங்க ஃப்ரெண்டு பாக்கல, தப்பிச்சாரு."

"நமக்கு இன்னா சார் தெரியும்," என்றான் என் நண்பன். "போட சொன்ன எடத்துல போடறோம்."

அத்தோடு முடிந்தது. அன்றைக்கு வேலை முடியும் வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இருந்தேன். நான் கோடு போட்டதை யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தும் சாயங்காலம் வரை போட்டேன், நாற்காலிக்காக.

கீழே இறங்கும்போது படிக்கட்டில் செக்கர் பெண் நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் குரலில் கோபம்.

"ஏண்ணே, நான் ஒரு கதையாத்தான சொன்னேன்? கரண்ட் இல்லாம சும்மா இருந்தீயளேன்னு சொன்னேன். அதப் போயி யாராச்சும் வேலைல போடுவாவளா?"

கதையாகச் சொன்னதை நான்தான் நிஜமாக எடுத்துக்கொண்டேன். ஒன்று தெரிந்துகொண்டால் அதன்படி நடக்க வேண்டும் என்று நினைப்பது எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் வரும் போலிருக்கிறது. படித்தவர்களுக்குத் தெரிந்தது ஒரு பக்கம் இருக்கும், வேலை ஒரு பக்கம் இருக்கும்.

நண்பன் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தான். பேசிக்கொண்டே வந்தான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"பச்ச போடறேன்னு சொன்னியே மச்சான்?"

"அய்ய, அது சும்மா டீக்கடைல பேசினது மாமே. எனுக்கு நெனப்பே இல்ல. உன் தலமேல சத்தியமா மறந்துட்டேன்."

மறந்திருக்கலாம். எதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நிமிஷம் மறக்கிறவன்தான் அவன். பிரஸ்ஸில் கையைக் காக்கும் தடுப்பைப் போடு என்றால் சரி என்பான், போட மாட்டான், அப்படித்தான் விரல் போனது. அதே நேரம், ஜோடியில் ஒருவன்தான் இருக்கலாம் என்று அவன் காதிலும் விழுந்தது. இரண்டில் எது என்று பல நாள் யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை. எதுவாக இருந்தாலும் பஸ்ஸில் ஏறி அவன் ஆவடிக்குப் போனான், நான் சென்னீர்குப்பத்துக்கு நடந்தேன்.

அதே வாசலில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மனைவிதான் அசோசியேஷன் செகரட்டரி வீட்டுப் படியில் நின்று கேட்டாள். நாற்காலி இன்னும் இல்லை. காலையில் முதலாளியின் கார் வெளியே வரும்போது கேட்டைத் திறந்துவிடுகிறேன். சில நாள் கண்ணாடியை இறக்கி, "எப்படி இருக்கீங்க அண்ணா?" என்பார். நல்லா இருக்கேன் சார் என்பேன். அவருக்கு மனதில் ஒன்றும் இல்லை. உண்மையாகவே அவர் மனதில் ஒன்றும் இல்லை.

அந்தப் புத்தகங்கள் எங்கோ குளிர் தேசத்தில் ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கும். நான் போட்ட பச்சையையெல்லாம் அழித்திருப்பார்கள். அதற்கு எத்தனை நேரம் ஆகும், எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரு கிளிக். இனிமேல் கம்ப்யூட்டர் அந்தக் கடிதங்களைத் தானே படிக்கும். வேற கையால் என்று வரும் இடத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போகும். அப்படித்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்தான். வாசலிலேயே நின்று பேசினான். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, லீவு நாளிலும்.

"மாமே, உனுக்கு ஒரு நல்ல சேதி. ஆபீஸ்ல டீ, தண்ணி குடுக்கறதுக்கு ஒரு ஆளு தேடறாங்கோ. நான் சார்கிட்ட உன்னச் சொல்லிகீறேன். குடுத்துட்டுப் பின்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்துக்கலாம். இன்னா சொல்றே? நீ என்னச் சேத்துவுட்டே, நான் உன்னச் சேத்துவுடறேன். கணக்கு சரியாப் போவுது."

அவன் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்கு ஒரு நன்மை செய்கிறோம் என்று அவன் முகமே மலர்ந்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் சொன்னதும் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "போய்யா. இன்னா பெரிய ரோஷம்? ஸ்டூல் குடுக்கறாங்கன்னா போய் உக்காரு. உன் முட்டிய யாரு தேய்க்கறது, நானா, உன் ரோஷமா?"

அவள் சொல்வதில் தப்பில்லை. எண்ணெய் தேய்ப்பவள் அவள்தான். ஒரு வாரம் முழுக்க அந்த ஸ்டூலை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மேசையாக டம்ளரை வைத்துக்கொண்டே போவேன். என் நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள், அல்லது யாரும் இருக்க மாட்டார்கள். திரையில் தோல் விரிந்திருக்கும். நான் பார்க்காமல் இருக்க முடியாது, கண் தானே போகும். அந்த வேலிக்கால் வரிசை வரும் இடம் எனக்குத் தெரியும். அதற்கு அடியில் நீலக் கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும். நான் டீ வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போக வேண்டும். செக்கர் பெண், "தேங்க்ஸ்ண்ணே" என்பாள்.

இன்று காலையில் நண்பனுக்குப் போன் செய்தேன். வேண்டாம் மச்சான், வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு என்றேன். அவன், "சரி மாமே," என்றான். ஏன் என்று கேட்கவில்லை. மனைவி கேட்டாள். அவளிடம் எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. அவள் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "இன்னிலேந்து நீயே தேச்சுக்க," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் தேய்த்துக்கொண்டேன். மதியம் என் ஷிப்ட். அதற்குள் இதை எழுதி முடித்துவிட உட்கார்ந்தேன்.

சென்னீர்குப்பம்,
31-8-2025, ஞாயிற்றுக்கிழமை.